காட்டு வாழை இரண்டையும் பிரித்தறிவது எப்படி

பழத்தைக் கடித்ததும் பல்லில் கல்லாக விதை தட்டினால் அதைக் காட்டு வாழை என்று ஒதுக்கிவிடுவது வழக்கம். ஆனால் இலங்கையில் அந்தப் பெயருக்குள் இரண்டு இனங்கள் அடங்குகின்றன. ஒன்று மூசா அக்யூமினேட்டா, மற்றது மூசா பல்பிசியானா. சிங்களத்தில் முதலாவதை உனெல் என்றும் இரண்டாவதை எட்டிகெசெல் என்றும் சொல்வார்கள். இரண்டையும் 1820இல் முறைப்படி விவரித்துப் பெயர் வைத்தவர் லூயிகி கொல்லா என்ற இத்தாலியத் தாவரவியலாளர். இரண்டுக்கும் 22 நிறமூர்த்தங்கள், இரண்டின் குலையும் கீழ்நோக்கித் தொங்கும், இரண்டின் பழமும் விதை நிறைந்தது. தூர நின்று பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

பிரித்தறிவதில் என்ன பயன் என்று கேட்கலாம். சந்தையில் தொங்கும் குலைகளில் அநேகமாக எல்லாமே இந்த இரண்டிலிருந்து வந்தவைதான். அக்யூமினேட்டாவின் பரம்பரைத் தொகுதியை ஏ என்றும் பல்பிசியானாவினுடையதைப் பி என்றும் குறிப்பார்கள். ஒரு வாழையில் எத்தனை தொகுதி உண்டோ அத்தனை எழுத்து. ஆனைமாலுவும் கேவண்டிஷும் ஏஏஏ. கோலிக்குட்டு, அம்புல் இரண்டும் ஏஏபி. சீனி வாழையும் கறிக்குப் போடும் மொந்தனும் ஏபிபி. பி கூடக் கூட வாழை வறட்சியைத் தாங்கும். நம் திருகோணமலை மாவட்டத்தில் மழையின் பெரும்பங்கு ஒக்டோபரிலிருந்து ஜனவரிக்குள் கொட்டித் தீர்த்துவிடும். அதன்பிறகு கச்சான் என்னும் வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் இலை கிழிந்து மண் காய்ந்து கிடக்கும். அந்தக் காலத்தில் கிணற்றடியை விட்டு எட்ட எதை நடலாம், எதை நடக்கூடாது என்பதற்கு வாழையிலுள்ள பியின் அளவு நல்ல வழிகாட்டி. பெயர் தெரியாத குட்டி ஒன்று கைக்கு வந்தால் இந்தக் கணிப்பு உதவும்.

ஒப்பிட மாதிரி எங்கே எடுப்பது

அக்யூமினேட்டா ஈரக்காட்டுத் தாவரம். ஓடைக்கரை, மரம் விழுந்து வெளிச்சம் புகுந்த இடம், ஈரவலயத்து மலைச்சரிவு ஆகியவைதான் அதற்கு ஒத்துவரும். நம் மாவட்டத்தின் உலர்ந்த பற்றைக்காட்டில் அதைத் தேடி அலைவது வீண். பல்பிசியானா அதைவிட முரட்டுச் செடி. அடி பருத்து, உயரமாக வளர்ந்து, தண்ணீர் குறைந்தாலும் நிற்கும். விதை வாழை என்று சில வளவுகளில் வேலியோரம் விட்டுவைத்திருப்பது பெரும்பாலும் இதுதான், அல்லது இதற்கு மிக நெருங்கியது.

எனவே ஏ பக்கத்துக்குச் சந்தை வாழையையே மாதிரியாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனைமாலுவில் பி அறவே இல்லை. அதன் பொத்தியும் இலைக்காம்பும் அக்யூமினேட்டாவின் அடையாளங்களைக் காட்டும். பி பக்கத்துக்கு விதை வாழை கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் மொந்தன். அதில் ஒரு பங்கு ஏ கலந்திருந்தாலும் பியின் சாயல் தூக்கலாகத் தெரியும். தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கத்தில் வாழை போட்டிருப்பவர்களிடம் கேட்டால் வெட்டி எறியும் பொத்தியைத் தருவார்கள். குட்டைக் கேவண்டிஷை மட்டும் முதல் மாதிரியாக எடுக்க வேண்டாம். அதன் ஆண்பூவும் மடலும் உதிராமல் குலைத்தண்டிலேயே காய்ந்து ஒட்டிக்கொள்வதால் மடலின் சுருள்வையும் தழும்பையும் பார்க்க முடியாது.

கொண்டுபோக வேண்டியவை: கூரான கத்தி, 30 சென்ரிமீற்றர் அடிமட்டம், பத்து மடங்கு பெருக்கும் கைவில்லை, வெள்ளைத் தாள், பென்சில், விரிக்க ஓர் உரப்பை. பழைய சட்டை போட்டுக்கொள்ளுங்கள். வாழைப்பால் துணியில் பட்டால் கறை போகவே போகாது.

போகும் நேரம் முக்கியம். இந்த இரண்டு இனத்திலும் மடல் பெரும்பாலும் அந்தியிலிருந்து இரவுக்குள் விரியும், ஏனென்றால் தேன் குடிக்க வருவது வௌவால். ஆகவே காலை ஏழு, எட்டு மணிக்குப் போனால் இரவு விரிந்த மடல் வாடாமல் இருக்கும். மத்தியானம் போனால் அது உதிர்ந்து நிலத்தில் கிடக்கும், அல்லது வெயிலில் ஓரம் சுருங்கி உங்களைக் குழப்பும். வெயிலில் காய்ந்து சுருளும் மடலையும் இயல்பாகவே சுருளும் மடலையும் ஒன்றாக எண்ணிவிடுவதுதான் புதிதாகப் பார்ப்பவர்களிடம் அதிகம் காணும் பிழை.

முதலில் இலைக்காம்பு

பூ இல்லாத காலத்திலும் பார்க்கக்கூடிய ஒரே நம்பகமான அடையாளம் இது. அதனால் இதில் கை பழக வேண்டும்.

மேலிருந்து எண்ணி மூன்றாவது விரிந்த இலையைத் தெரிந்தெடுங்கள். இலைப்பரப்பு தொடங்கும் இடத்துக்கும் காம்பு மரத்தைச் சேரும் இடத்துக்கும் நடுவே, ஒரே வெட்டில் நேர் குறுக்காக அறுங்கள். சாய்த்து வெட்டினால் வாய்க்கால், அதாவது காம்பின் மேற்பக்கத்துக் குழிவு, இருப்பதைவிட அகலமாகத் தெரியும். மழுங்கிய கத்தியால் அழுத்தினால் ஓரம் நசுங்கி உள்ளே மடியும். அப்போது ஏ கூடப் பிபோலத் தோன்றும். வெட்டிய முகத்தை வெள்ளைத் தாளில் ஒற்றி எடுத்தால் அதன் உருவம் பதியும். பதிந்த கோட்டின்மேல் உடனே பென்சிலால் வரைந்துகொள்ளுங்கள்.

அக்யூமினேட்டாவில் வாய்க்கால் வாய் திறந்திருக்கும். இரண்டு ஓரமும் நிமிர்ந்து நிற்கும் அல்லது வெளிப்பக்கம் விரியும். பல்பிசியானாவில் இரண்டு ஓரமும் உள்வளைந்து ஒன்றை ஒன்று நெருங்கி வாயை மூடப் பார்க்கும். ஏஏபியில் இது இடைநடுவாக இருக்கும்; ஓரங்கள் நிமிர்ந்தும் லேசாக உள்சாய்ந்தும் நிற்கும்.

வெட்டு முகத்தோடு நிறுத்திவிடாமல் காம்பு மரத்தோடு சேரும் அடிப்பகுதியையும் பாருங்கள். அக்யூமினேட்டாவில் அந்த இடத்தில் காம்பின் ஓரம் மெல்லிய சிறகாக நீண்டு, பழுப்பாகி, தாள்போலக் காய்ந்து, மரத்தைவிட்டு விலகி நிற்கும். விரலால் தொட்டால் சரசரக்கும். பல்பிசியானாவில் சிறகு இருக்காது. ஓரம் மரத்தை இறுகக் கட்டிக்கொண்டிருக்கும், நகத்தை நுழைக்கவும் இடம் விடாது. கச்சான் காலத்தில் இந்தச் சிறகு கிழிந்து பறந்துவிடுவதும் உண்டு. அதனால் வெளி இலையில் சிறகைக் காணவில்லை என்றவுடன் பி என்று எழுதிவிடாமல் குருத்துக்கு அடுத்துள்ள இளம் இலையையும் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

அடிமரத்தின் நிறத்தை அதே கையோடு குறிக்கலாம். கரும்பழுப்புத் திட்டுகள் நிறைய இருந்தால் ஏ. திட்டு இல்லாமலோ மிகக் குறைவாகவோ பச்சையாக நின்றால் பி. வெளி மட்டை காய்ந்து கறுத்திருந்தால் அதை உரித்துவிட்டு உள்ளே பாருங்கள். காய்ந்த மட்டையின் கறுப்பைத் திட்டு என்று எண்ணக்கூடாது.

பொத்தி

பெண்பூச் சீப்புகள் முடிந்து, ஆண்பூ மடல்கள் பத்துப் பதினைந்தாவது உதிர்ந்த பின்னர் பார்ப்பதே சரி. தொடக்கத்து மடல்கள் பெண்பூவை மூடியவை, அவை அளவிலும் உருவிலும் வேறு. கடைசிக் காலத்துப் பொத்தியோ சிறுத்து, நிறம் மங்கிப் போயிருக்கும். சமையலுக்குப் பொத்தியை ஒடித்துவிட்ட குலையில் இந்தப் பகுதி முழுவதும் கைவிட்டுப் போகும். வளவுக்காரரிடம் ஒரு வாரம் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

ஒடிப்பதற்கு முன் மரத்தில் இருக்கும்போதே மடலைக் கவனியுங்கள். அக்யூமினேட்டாவில் மடல் விரிந்ததும் சுருட்டிய பாய்போல நுனியிலிருந்து பின்னோக்கி உருண்டுகொள்ளும். பல்பிசியானாவில் மடல் மேலே தூக்கும், ஆனால் சுருளாது. தட்டையாக நின்று அப்படியே உதிரும். வெளிச்சம் குறைந்த விடிகாலையிலும் கண்ணுக்குத் தப்பாத அடையாளம் இது.

இப்போது புதிதாக விரிந்த ஒரு மடலைக் கழற்றி உரப்பையில் விரியுங்கள். அடியிலிருந்து நுனிவரை அளந்து எழுதுங்கள். பிறகு மிக அகன்ற இடம் அடியிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளவுங்கள். மடலின் தோள் என்பது இந்த அகன்ற இடம்தான். 20 சென்ரிமீற்றர் மடலில் தோள் அடியிலிருந்து மூன்று, மூன்றரை சென்ரிமீற்றரில் வந்து, அங்கிருந்து சட்டென்று ஒடுங்கிக் கூர்நுனியில் முடிந்தால் அது அக்யூமினேட்டாவின் வடிவம். தோள் ஏழு சென்ரிமீற்றருக்கு இறங்கி, மடல் அகன்ற முட்டை வடிவில் மெதுவாகக் குறுகி, நுனி மழுங்கியிருந்தால் பல்பிசியானா. மடலை அழுத்தி விரித்தால் ஓரம் கிழிந்து அகலம் மாறும். சுருண்ட ஏ மடலை ஐந்து நிமிடம் நிழலில் வைத்துத் தளரவிட்டு அளவுங்கள்.

நிறத்தில் வெளிப்பக்கம் ஏமாற்றும். அக்யூமினேட்டாவுக்கு உள்ளினங்கள் பல. வெளிப்புறம் சிவப்பு, மங்கிய ஊதா, மஞ்சள் என்று எப்படியும் வரும். பல்பிசியானாவின் வெளிப்புறம் ஏறத்தாழ எப்போதும் பழுப்பு கலந்த ஊதா. உள்பக்கம் சொல்லும் சேதி கூடுதல் நம்பகமானது. பல்பிசியானாவின் உட்புறம் பளிச்சென்ற கருஞ்சிவப்பு, அந்த நிறம் அடிவரை குறையாமல் போகும். அக்யூமினேட்டாவில் உட்புறம் இளஞ்சிவப்போ மங்கிய ஊதாவோ மஞ்சளோவாக இருந்து, அடியை நெருங்க நெருங்க மஞ்சளாக வெளிறும். படம் எடுப்பதானால் மடலை வெள்ளைத் தாளில் வைத்து நிழலில் எடுங்கள். கைப்பேசிக் கமெரா நேர் வெயிலில் சிவப்பைக் கூட்டிக் காட்டும்.

மடல் உதிர்ந்த குலைத்தண்டில் தழும்பு இருக்கும். விரலை மேலிருந்து கீழே ஓட்டுங்கள். ஏயில் ஒவ்வொரு தழும்பும் படி படியாகத் தட்டும், பியில் வழுவழுவென்று போகும். அதே விரலால் குலைத்தண்டின் மேற்பகுதியையும் தடவினால் ஏயில் மெல்லிய மயிர் உணரலாம், பியில் மயிர் இல்லை. மயிர் சந்தேகமாக இருந்தால் தண்டைச் சூரியனுக்கு எதிரே பிடித்து வில்லையால் ஓரத்தைப் பாருங்கள். ஒளியில் தனித்தனியாகத் தெரியும்.

ஆண்பூவில் பார்ப்பவை மூன்று. பூவின் மொத்த நிறம் பாலேடு வெள்ளையாக இருந்தால் ஏ. இளஞ்சிவப்புச் சாயல் ஓடினால் பி. பூவின் ஓர் இதழ் மட்டும் தனியே, கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கும். அதைப் பிரித்துத் தாளில் ஒட்டி வில்லையால் பாருங்கள். நுனிக்குச் சற்றுக் கீழே சுருக்கம் விழுந்திருந்தால் ஏ. பியில் சுருக்கம் அரிது. நடுவே நீளும் குறியின் (மகரந்தம் ஒட்டும் நுனியின்) நிறம் ஏயில் செம்மஞ்சள் அல்லது அடர் மஞ்சள், பியில் வெளிர் மஞ்சள், பாலேடு அல்லது மிக வெளிறிய இளஞ்சிவப்பு. பூ கசங்கினால் அரை மணிக்குள் எல்லாம் பழுப்பாகிவிடும். ஆகவே பூவைத்தான் முதலில் எழுதி முடிக்க வேண்டும், அளவுகள் பிறகு.

காயும் விதையும்

சீப்பிலிருந்து காயைப் பிரிக்கும் இடத்துக் காம்பு ஏயில் குட்டை, பியில் நீளம். பிஞ்சு ஒன்றை நெடுக்காகப் பிளந்து சூலகத்தின் அறையைத் திறந்தால் சூல்வித்துகள் தெரியும். அக்யூமினேட்டாவில் அறைக்கு இரண்டு ஒழுங்கான வரிசை. பல்பிசியானாவில் ஒழுங்கற்ற நான்கு வரிசை. காய் பருத்துவிட்டால் சதை நெருக்கி வரிசையைக் கலைத்துவிடும், பூ வாடிய கையோடு வெட்டினால்தான் தெளிவு. குறுக்காக வெட்டி எண்ணப் பார்ப்பவர்கள் உண்டு; குறுக்கு வெட்டில் ஒரு மட்டத்துச் சூல்வித்துதான் தெரியும், வரிசை தெரியாது.

பழுத்த பழத்தின் விதை: அக்யூமினேட்டாவில் அமுங்கிக் கோணலான வடிவம். பல்பிசியானாவில் உருண்டை, கறுப்பு, சுமார் 5 மில்லிமீற்றர், மேற்புறம் சொரசொரப்பு.

விதை இருப்பதாலேயே மரம் காட்டு வாழை ஆகிவிடாது. சீனி வாழைக்கு அருகே நல்ல மகரந்தம் தரும் வாழை நின்றால் அதன் பழத்திலும் விதை பிடிக்கும். ஒரு பழத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில விதைகள் என்றால் பயிர் வாழை, மகரந்தம் பெற்றது. சதையே காண முடியாமல் அடைத்துக்கொண்டு விதை இருந்தால்தான் காட்டினம் என்று சந்தேகிக்கலாம். பழத்தை மட்டும் கையில் கொடுத்து இனம் கேட்பவர்களுக்கு இதனால்தான் உறுதியாகப் பதில் சொல்ல முடிவதில்லை.

புள்ளி போடுவது

1955இல் சிம்மண்ட்ஸ், ஷெப்பர்ட் இருவரும் இந்த அடையாளங்களுக்குப் புள்ளி கொடுக்கும் முறையை வகுத்தார்கள். அது இன்றும் வயலில் பயன்படுகிறது. மேலே சொன்னவற்றை எண்ணினால் பதினைந்து வரும்: அடிமரத் திட்டு, இலைக்காம்பு வாய்க்கால், குலைத்தண்டு மயிர், காய்க்காம்பின் நீளம், சூல்வித்து வரிசை, மடலின் தோள், சுருள்வு, வடிவம், நுனி, நிறம், உள்நிறம் வெளிறுதல், தழும்பு, தனி இதழின் சுருக்கம், ஆண்பூ நிறம், குறியின் நிறம்.

ஒவ்வொன்றும் தெளிவாக அக்யூமினேட்டாவைக் காட்டினால் 1, தெளிவாகப் பல்பிசியானாவைக் காட்டினால் 5. நடுவில் நின்றால் சாய்வைப் பார்த்து 2, 3 அல்லது 4. அப்படியென்றால் சுத்த ஏக்கு 15, சுத்தப் பிக்கு 75. இடைப்பட்ட வகைகளுக்கு 1987இல் தாய்லாந்தில் திருத்திய எல்லைகள் இவை: 15 முதல் 25 வரை ஏஏ அல்லது ஏஏஏ; 26 முதல் 46 வரை ஏஏபி; 59 முதல் 63 வரை ஏபிபி; 67 முதல் 69 வரை ஏபிபிபி; 70 முதல் 75 வரை பிபி அல்லது பிபிபி. ஏபி வகைக்கு மூல முறையில் 49 வரும்.

உதாரணமாக, ஒன்பது அடையாளத்துக்கு 1, ஆறு அடையாளத்துக்கு 3 என்று விழுந்தால் கூட்டுத்தொகை 27. அது ஏஏபி எல்லைக்குள் வந்துவிட்டது, ஆனால் விளிம்பில் நிற்கிறது. இப்படி விளிம்பில் நிற்பதை ஒரே மரத்தோடு முடிக்கக்கூடாது. அதே தூரின் வேறொரு மரத்தில், இன்னொரு நாளில், முதல் தாளைப் பார்க்காமல் புதிதாகப் புள்ளி போடுங்கள். இரண்டு தடவையும் இரண்டு, மூன்று புள்ளிக்குள் வந்தால் நம்பலாம். கூட்டுத்தொகை 50க்கும் 58க்கும் இடையில் விழுந்தால் எங்கோ தவறிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் வாடிய மடலை அளந்ததோ, காய்ந்த இலைக்காம்பைப் பார்த்ததோ காரணமாக இருக்கும்.

ஓர் அடையாளத்தைப் பார்க்க முடியாமல் போனால் அதற்கு 3 போட்டு நிரப்பும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அது கூட்டுத்தொகையை நடுவுக்கு இழுத்துவிடும், பல இடத்தில் அப்படி நிரப்பினால் சுத்த ஏயைக்கூட ஏஏபி ஆக்கிவிடும். அந்த இடத்தை வெறுமையாக விட்டு, பொத்தி வரும்வரை காத்திருப்பதே முறை.

இந்த முறையால் சொல்ல முடியாததும் உண்டு. ஏஏக்கும் ஏஏஏக்கும் புள்ளி ஒன்றுதான். அவற்றைப் பிரிக்க நிறமூர்த்தத்தை எண்ண வேண்டும், இரட்டை மடங்குக்கு 22, மும்மடங்குக்கு 33. அது ஆய்வுகூட வேலை.

காட்டில் பார்ப்பதானால்

சேருவிலைப் பக்கத்திலோ மகாவலிக் கரையிலோ சரணாலய எல்லைக்குள் நிற்கும் வாழையில் கை வைக்காதீர்கள். பாதுகாக்கப்பட்ட காட்டில் குட்டி, பொத்தி, விதை எதை எடுப்பதற்கும் உரிய திணைக்களத்தின் அனுமதி வேண்டும். படமும் அளவும் போதும். வாழை நிற்கும் இடம் யானை வரும் இடம் என்பதையும் நினைவில் வைத்திருங்கள். அதிகாலையில் தனியே போகும் வேலை இது இல்லை.

விதையிலிருந்து வளர்க்க

அனுமதியோடு அல்லது வளவு மரத்திலிருந்து கிடைத்த விதையை முளைக்க வைப்பதற்குப் பொறுமை தேவை. சதை முழுவதும் போகக் கழுவி, இரண்டு நாள் தண்ணீரில் ஊறவைத்து, தினமும் தண்ணீரை மாற்றுங்கள். மிதப்பவற்றை எறிந்துவிடலாம். ஆற்றுமணலும் மக்கிய சாணமும் சரிபாதி கலந்த தட்டில் ஒரு சென்ரிமீற்றர் ஆழத்தில் போடுங்கள். பல்பிசியானா விதைக்கு ஒரே சீரான சூட்டைவிடப் பகலில் சூடும் இரவில் குளிர்ச்சியுமாக மாறி மாறிக் கிடைப்பது அவசியம். வீட்டுக்குள் அலுமாரிமேல் வைத்த தட்டு முளைக்காமல் கிடப்பதும், அதே விதை வெளிச்சுவரோரம் முளைப்பதும் இதனால்தான். மாரி முடிந்த பெப்ரவரியில் போட்டால் தட்டில் தண்ணீர் தேங்கி அழுகும் தொல்லை குறைவு. முளைப்பு ஒரே நாளில் வராது. சில வாரத்தில் ஒன்று, மாதங்கள் கழித்து இன்னொன்று என்று இழுக்கும், தட்டை அவசரப்பட்டுக் கொட்டிவிட வேண்டாம். நாற்றுப் பருவத்தில் இரண்டினத்தையும் பிரிக்கும்படியான தெளிவான அடையாளம் எதுவும் கிடைக்காது. அதனால் விதை போடும்போதே தட்டுக்குத் தட்டு இனத்தையும் எடுத்த இடத்தையும் பென்சிலால் எழுதிக் குத்திவையுங்கள். பேனை மை மழையில் கரைந்துவிடும்.